கையகலக் கடல், யார் செலவில்?

மீன் தொட்டி பற்றி எப்போ பேசினாலும் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருது. "உப்புத்தண்ணி தொட்டி, பாறை, பவளம், கோமாளி மீன்... இதெல்லாம் பத்தாயிரம் ரூபாய்க்குள்ள முடியுமா?"

கடைக்குப் போனா ஒரு லிஸ்ட் கொடுப்பாங்க. ஸ்கிம்மர், வேவ்மேக்கர், சில்லர், ரீஃப் லைட், சம்ப். அதைப் பார்த்ததும் பாதிப் பேர் கோல்ட்ஃபிஷ் வாங்கிட்டு வீட்டுக்கு வந்துடுவாங்க. ஆனா அந்த லிஸ்ட்டில் ஒரு பொருள்கூட இல்லாத காலத்தில், கடலே இல்லாத ஊரில், ஒருத்தர் ஏறக்குறைய மூன்று வருஷம் பவளத்தை உயிரோட வைத்திருந்தார். இந்த எபிசோடை அவரிடமிருந்து ஆரம்பிக்கலாம். மலிவா ஒரு கடல் தொட்டி வைக்கிற வழி அந்தக் கதைக்குள்ள இருக்கு. அந்த மலிவுக்கு வேற யாரோ கொடுத்த விலையும் அதுக்குள்ளதான் இருக்கு.

முதலில் கொஞ்சம் வேதியியல். ஒரு பாத்திரத்தில் கடல் தண்ணியை மொண்டு அதில் ஒரு உயிரை விட்டா என்ன ஆகும்? அது மூச்சு விட விட ஆக்சிஜன் குறையும். கழிவு சேரச் சேர அமோனியா ஏறும். இரண்டில் ஏதாவது ஒன்று அதைக் கொன்றுவிடும். கடற்கரையில் குடியிருந்தா பிரச்சினை இல்லை, பழசைக் கொட்டிட்டு புதுசு மொண்டுக்கலாம். பாரிஸில் தையல் வேலை பார்த்து, பிறகு சிசிலித் தீவில் மெசினாவில் குடியேறிய ழான் வில்ப்ரோ-பவர் என்ற பெண்மணி, 1832-ல் கண்ணாடித் தொட்டி செய்து அதில் ஆர்கோநாட் என்ற கணவாய் இனத்தை வளர்த்தார். அது தன் ஓட்டைத் தானே கட்டுதா, வேறு உயிரிடமிருந்து எடுத்துக்கொள்கிறதா என்று அப்போ பெரிய சர்ச்சை. தானே கட்டுகிறது என்று கண்ணால் பார்த்து நிரூபித்தவர் அவர். அவருக்கு ஒரு வசதி இருந்தது: வாசலிலேயே மத்தியதரைக் கடல்.

லண்டனில் அந்த வசதி கிடையாது. 1846-ல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் டார்க்கீ என்ற ஊருக்குப் போயிருந்தார் ஆனா தின். கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் உயர்பதவியில் இருந்த பாதிரியார். ஆனாவுக்கு நிலவியலில் ஆர்வம். அங்கே கரைப்பாறையில் உயிருள்ள பவளங்களைப் பார்த்தார். நம்ம மன்னார் வளைகுடாவில் இருப்பது மாதிரி கூட்டமா சேர்ந்து பாறை கட்டுகிற ரகம் இல்லை. தனித்தனியா வாழ்கிற, குளிர்நீரில் வளர்கிற சின்னக் கிண்ணம் மாதிரியான பவளம். அதை வீட்டுக்குக் கொண்டுபோகணும்னு அவருக்கு ஆசை. வழியில் ஒன்றோடு ஒன்று இடித்து நசுங்காமல் இருக்க, ஊசி நூல் எடுத்து ஒரு பெரிய ஸ்பாஞ்சில் வைத்துத் தைத்தார். அந்த ஸ்பாஞ்சை கடல் தண்ணி நிரப்பின ஜாடிக்குள் போட்டு லண்டன் வரை கொண்டுவந்து, கண்ணாடிக் கிண்ணங்களுக்கு மாற்றினார்.

அடுத்த பிரச்சினை தண்ணி. ஒவ்வொரு முறையும் கரையிலிருந்து தருவிக்க முடியாது. அதனால் இருக்கிற தண்ணியையே திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். அவர் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிமையானது: திறந்த ஜன்னலுக்கு எதிரே நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு, அரை மணி முக்கால் மணி நேரம் மாத்தி மாத்தி ஊற்றுவது. நாம டீ ஆத்துற மாதிரி. அப்படி ஆத்தும்போது தண்ணியில் காற்று கலக்கும்.

அதை ஆற்றியது ஆனா இல்லை. வீட்டு வேலைக்காரச் சிறுமி. 1859-ல் இந்த அனுபவத்தை ஒரு அறிவியல் இதழில் வெளியிட்டபோது ஆனாவே அதைச் சொல்கிறார்: களைப்பான வேலைதான், ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது ஒரு விளையாட்டாகத்தான் இருந்தது என்கிற தொனியில். அந்தப் பெண்ணின் பெயர் அங்கே இல்லை. உலகத்தின் முதல் வேவ்மேக்கர் என்று என்னைக் கேட்டால் அந்தச் சிறுமியைத்தான் சொல்வேன். விளையாட்டாக இருந்ததா என்று அவளிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

1847-ல் ஆனா இன்னொரு வேலை செய்தார். டார்க்கீயிலிருந்து கடற்பாசியை வரவழைத்தார், அது ஒட்டிக்கொண்டிருந்த கல்லோடும் சிப்பியோடும் சேர்த்து. பாசி வெளிச்சத்தில் ஆக்சிஜன் விடும், கழிவிலிருக்கும் நைட்ரஜனை உறிஞ்சும். கல்லோடு கூட கண்ணுக்குத் தெரியாத ஏராளமான உயிர்களும் வந்திருக்கும், அது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பாக்டீரியாதான் அமோனியாவைத் தின்று தண்ணியைக் காப்பாற்றுகிறது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. ஆனா தொட்டி நிலைத்தது, பவளங்கள் குட்டி போட்டுப் பெருகின.

இதுவரை அவர் செலவழித்ததைப் பாருங்க. கிண்ணம், பாசி, கல், ஒரு சிறுமியின் கை. இன்றைக்கு நாம தொட்டியில் செய்கிற நாலு வேலையும் இதில் இருக்கு: காற்று, அலை, பாசி, உயிருள்ள கல்.

1850-ல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் இதே சமநிலையை நன்னீரில் விளக்கி எழுதினார். கோல்ட்ஃபிஷ், நீர்ச்செடி, அழுகுகிற இலையைத் தின்ன நத்தை. மூன்றும் ஒன்றையொன்று தாங்கும். 1853 மே மாதம் லண்டன் மிருகக்காட்சி சாலையில் பொதுமக்கள் பார்க்க முதல் மீன் மாளிகை திறந்தது. அதுக்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் ஃபிலிப் ஹென்றி காஸ். அடுத்த வருஷமே அவர் எழுதின 'தி அக்வேரியம்' என்ற புத்தகம் வந்தது. அந்த வார்த்தையை ஊரெல்லாம் பரப்பியது அதுதான். இங்கிலாந்தில் கண்ணாடிக்குப் போட்டிருந்த வரியை 1845-லேயே எடுத்துவிட்டார்கள், கண்ணாடி விலை இறங்கியிருந்தது. ரயில் கடற்கரை ஊர்களுக்குப் போக ஆரம்பித்திருந்தது. நடுத்தர வர்க்க வீட்டு ஹாலில் எல்லாம் கடல் தொட்டி வந்துடுச்சு.

காஸ் புத்தகத்தில் எனக்குப் பிடித்தது அவருடைய சிக்கன யோசனைகள்தான். லண்டனில் இருப்பவருக்குக் கடல் தண்ணி வேண்டுமா? தேம்ஸ் முகத்துவாரத்தைத் தாண்டிப் போய்வருகிற நீராவிக் கப்பல் ஆட்களிடம் கொஞ்சம் காசு கொடுங்க, மொண்டுட்டு வருவாங்க. அதுவும் முடியலையா? அப்போ நாமே கடலைச் செய்துக்கலாம் என்று அவர் இறங்கினார். சமையல் உப்பு, எப்சம் உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு. நாலே பொருள். சுண்ணாம்புச் சத்தை அவர் சேர்க்கவில்லை, குழாய்த் தண்ணியில் இருப்பதே போதும் என்று விட்டுவிட்டார். இந்தச் சுண்ணாம்பு விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, பெர்லின் போகும்போது தேவைப்படும்.

அந்த மோகம் நீண்ட நாள் நீடிக்கவில்லை. தொட்டி கசிந்தது, இரும்புச் சட்டம் துருப்பிடித்தது, உயிர்கள் செத்து நாறின. 1860-கள் முடிவதற்குள் பல வீடுகளில் தொட்டி பரணுக்குப் போனது. கரையில் அதன் தடம் மட்டும் போகவில்லை. காஸின் மகன் எட்மண்ட் 1907-ல் தன் அப்பாவைப் பற்றி எழுதின புத்தகத்தில், சின்ன வயசில் தான் பார்த்த டெவன் கரைப்பாறைக் குட்டைகளை நினைத்து வருந்துகிறார். பூந்தோட்டம் மாதிரி இருந்த குட்டைகள், அப்பாவின் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாளியோடும் உளியோடும் வந்தவர்களால் மொட்டையாகிப் போனதை அவர் மறைக்கவில்லை. அப்பாவுக்கே அது பெரிய மனவேதனையாக இருந்தது என்றும் சொல்கிறார். கரையில் உயிர்கள் சும்மா கிடைத்தன, அதனால் தொட்டி மலிவாக இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் செத்ததுக்குப் பதிலாக இன்னொன்றை கரையிலிருந்து பெயர்த்து வந்தார்கள்.

அந்தக் காலத்து ஆள் ஒருத்தரை மட்டும் சொல்லிட்டு நகர்றேன். வில்லியம் ஆல்ஃபர்ட் லாயிட். லண்டனில் தொட்டிக் கடை வைத்திருந்தவர், பிறகு 1871-ல் திறந்த கிறிஸ்டல் பேலஸ் மீன் காட்சியகத்தை வடிவமைத்தார். அவருடைய யோசனை: பார்வைக்கு வைக்கும் தண்ணியைவிட பல மடங்கு தண்ணியை கீழே இருட்டில் வைத்து, இரண்டையும் ஓயாமல் சுற்றவிடு. தண்ணி அதிகமா இருந்தா அழுக்கு மெதுவாத்தான் ஏறும், சூடும் மெதுவாத்தான் மாறும். இன்றைக்கு தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் வைக்கிற சம்ப் அதோட பேரன். சின்னத் தொட்டி மலிவு, ஆனா சின்னத் தொட்டிதான் கஷ்டம் என்று பழைய ஆட்கள் சொல்வது இதனால்தான்.

நம்ம ஊருக்கும் இதில் ஒரு பங்கு இருக்கு. மெட்ராஸ் மியூசியத்தை ரொம்ப நாள் நடத்திய எட்கர் தர்ஸ்டனின் யோசனையில், 1909-ல் மெரினாவில் ஒரு கடல்மீன் காட்சியகம் திறந்தார்கள். கடல் எதிரிலேயே இருந்தது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அதை மூடினார்கள்.

இதுவரை பார்த்ததெல்லாம் பெரும்பாலும் குளிர்நீர் உயிர்கள் அல்லது மீன்கள். வெப்பக் கடல் ரீஃப் பவளம் வேற கதை. அதன் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கும். வெளிச்சத்தில் அவை சமைக்கிற சாப்பாட்டில்தான் பவளத்தின் பெரும்பகுதி வாழ்க்கை ஓடுது. வெளிச்சம் போதலைன்னா பட்டினி. சூடு அதிகமானா பாசி வெளியேறி, பவளம் வெளுத்துடும்.

1950-களில் அமெரிக்காவில் வீட்டில் கடல் மீன் வளர்க்கிற வழக்கம் மறுபடி கிளம்பியது. ஆனால் அவங்க தொட்டியைப் பார்த்தா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். செத்த பவள எலும்பை ப்ளீச்சில் வெளுத்து, அழகுக்கு வைப்பார்கள். மீனுக்கு ஒட்டுண்ணி வந்தா தாமிர மருந்து ஊற்றுவார்கள். தாமிரம் மீனைக் காப்பாற்றும், ஆனா பவளம், இறால், நத்தை எல்லாத்தையும் கொன்றுவிடும். எல்லாத்தையும் கழுவிச் சுத்தமா வைத்தால்தான் உயிர் பிழைக்கும் என்று நம்பினார்கள்.

1961-ல் ஒரு அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில், ஜகார்த்தாவிலிருந்து லீ சின் எங் என்பவர் எழுதின கட்டுரை வந்தது. தலைப்பின் சாரம்: கடல் மீன் வளர்க்க இயற்கையின் முறை. கடல் தண்ணி, கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறை, வெளிச்சம், ஒரு குழாயில் கொஞ்சம் காற்றுக் குமிழி. ஃபில்டர் கிடையாது. இந்தத் தொட்டியில் உயிருள்ள பவளத்தையே வளர்க்கிறேன் என்று அவர் சொன்னபோது பல பேர் நம்பவில்லை.

அவர் தொட்டியில் ஃபில்டர் இல்லை என்று சொல்வதுகூட தப்பு. பாறைதான் ஃபில்டர். ரீஃப் பாறை ரஸ்க் மாதிரி துளைத்துளையா இருக்கும். வெளிப்பக்கம் ஆக்சிஜன் படுகிற இடத்தில் ஒரு வகை பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொன்று நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். உள்ளே ஆக்சிஜன் எட்டாத பொந்துகளில் வேறொரு கூட்டம் நைட்ரேட்டை உடைத்து நைட்ரஜன் வாயுவா வெளியே விட்டுடும். ஒரு சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையமே ஒரு கல்லுக்குள்ள. ஆனா தின் டார்க்கீயிலிருந்து வரவழைத்ததும் இதோட குளிர்நீர் உறவுக்காரன்தான்.

என் கணக்கில், ரீஃப் தொட்டி வரலாற்றில் மிக மலிவான கண்டுபிடிப்பு எங்குடையது. ஆனா அந்த மலிவு ஜகார்த்தாவில்தான் செல்லும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து வெயில் இலவசம், காலையில் கடலிலிருந்து எடுத்த பாறை மதியம் தொட்டிக்குள். அமெரிக்காவில் இருப்பவருக்கு அந்தப் பாறை கப்பலிலும் விமானத்திலும் வரணும், வழியிலேயே பாதி செத்துடும்.

அதை குளிர் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றியவர்கள் ஜெர்மன் பேசும் ஆர்வலர்கள். பெர்லின் முறை என்று இன்றைக்கும் பேர். எங் சொன்ன உயிருள்ள பாறை அப்படியே இருக்கு. வெயிலுக்குப் பதில் சக்திவாய்ந்த விளக்கு. கூடவே ஸ்கிம்மர். ஸ்கிம்மரை இப்படிப் புரிஞ்சுக்கோங்க: பருப்பு வேகும்போது மேலே நுரை தள்ளும், அம்மா அதைக் கரண்டியால் வழித்துப் போடுவாங்க. ஸ்கிம்மர் ஒரு குழாய்க்குள் நுண்ணிய குமிழிகளைக் கிளப்பி, தண்ணியிலிருக்கும் அழுக்கை நுரையா மேலே தள்ளி, தனிக் கிண்ணத்தில் வழிய விடும்.

அடுத்தது சுண்ணாம்பு. பவளம் தன் எலும்பைக் கட்ட கால்சியம் வேணும். கடல் தண்ணியில் லிட்டருக்கு 400 மில்லிகிராம் அளவில் கால்சியம் இருக்கும். தொட்டியில் பவளம் வளர வளர அது தீர்ந்துபோகும். காஸ் விட்டுவிட்ட விஷயம் இங்கே பெரிசாகுது. பீட்டர் வில்கென்ஸ் என்ற வளர்ப்பாளர் 1970-களில் எழுதிப் பரப்பிய தீர்வு கால்க்வாசர். ஜெர்மன் வார்த்தையைப் பார்த்துப் பயப்படாதீங்க. அப்படியே தமிழாக்கினா சுண்ணாம்புத் தண்ணி. சுண்ணாம்பைக் கரைத்து, தெளியவிட்டு, மேலே இருக்கும் தெளிநீரைச் சொட்டுச் சொட்டா விடுவது. ஆவியாகிப்போற தண்ணிக்குப் பதிலா இதை விட்டா கால்சியமும் ஏறும், காரத்தன்மையும் நிற்கும்.

இந்த இடத்தில் எனக்கு எப்பவும் தூத்துக்குடிதான் ஞாபகம் வரும். மன்னார் வளைகுடாவில் பல பத்தாண்டுகள் பவளத்தைக் கடலிலிருந்து வெட்டி எடுத்தார்கள். சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைகளுக்கும் அது மூலப்பொருள். 2000-களில்தான் அது அடங்கியது. அந்தப் பக்கத்துத் தீவுகளில் இரண்டு, விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும், இப்போ தண்ணிக்கு அடியில். பவளம் வெட்டியது அதுக்கு முக்கியக் காரணம் என்று சொல்றாங்க. இங்கே பவளத்தை எரித்து சுண்ணாம்பு. பெர்லினில் சுண்ணாம்பைக் கரைத்து பவளம்.

பெர்லின் ஆட்கள் செய்த இன்னொரு காரியம் காசு சம்பந்தப்பட்டதே இல்லை. பவளத்தின் ஒரு கிளையை ஒடித்து வேறொரு கல்லில் ஒட்டினா அது தனியா வளரும், முருங்கைக் கொம்பை ஒடித்து நடுகிற மாதிரி. டீட்ரிஷ் ஸ்ட்யூபர் என்ற பெர்லின் ஆர்வலரின் தொட்டியில் வளர்ந்த அக்ரோபோராவின் கிளைகள் கைமாறிக் கைமாறி ஐரோப்பாவின் எத்தனையோ தொட்டிகளுக்குப் போயின. ஒரு பவளத்தைக் கடலிலிருந்து ஒரு தடவை எடுத்தா போதும், மறுபடி கடலுக்குப் போக வேண்டியதில்லை. எட்மண்ட் காஸ் கவலைப்பட்ட வாளிக்கும் உளிக்கும் கிடைத்த முதல் நல்ல பதில் இதுதான்னு நினைக்கிறேன். மீனில் அதுக்கு முன்னாடியே, 1970-களின் தொடக்கத்தில், ஃப்ளோரிடாவில் மார்ட்டின் மோ என்பவர் கோமாளி மீனை வியாபார அளவில் குஞ்சு பொரிக்க வைத்திருந்தார்.

1986-ல் ஜார்ஜ் ஸ்மிட் என்பவர் ஒரு அமெரிக்க இதழில் எழுதின தொடர் மூலம் மினி ரீஃப் மோகம் அங்கே பற்றிக்கொண்டது. கூடவே விலைப்பட்டியலும் நீண்டது. இன்றைக்கு கடைக்காரர் கொடுக்கிற அந்த லிஸ்ட் பெரும்பாலும் அங்கிருந்து தொடங்கினது. அதுக்குள்ள நான் ரொம்பப் போகலை.

இந்த வீட்டுத் தொட்டி அறிவு வேற இடத்துக்கும் போனது. லண்டன் ஹார்னிமன் மியூசியத்தில் ஜேமி கிராக்ஸ் குழு, கடலின் பருவச் சூடு, பகல் நீளம், நிலா வெளிச்சம் எல்லாத்தையும் தொட்டிக்குள் காப்பியடித்து, பவளங்களை முட்டையிட வைத்தது. 2017-ல் அதை ஆய்வுக் கட்டுரையா வெளியிட்டார்கள். 2019-ல் அவர்கள் உதவியோடு ஃப்ளோரிடா காட்சியகத்தில், அழிவின் விளிம்பில் இருந்த அட்லாண்டிக் தூண் பவளம் முட்டையிட்டது. ஆனா தின் கிண்ணம் வைத்திருந்த அதே லண்டன்.

சரி, உங்க பத்தாயிரத்துக்கு வருவோம். எங் முறைதான் மலிவுன்னு சொன்னேன். அது உங்களுக்குக் கிடையாது. உயிருள்ள ரீஃப் பாறை என்பது பவளத்தின் எலும்பு. இந்தியாவில் 2001-லிருந்து பாறை கட்டும் பவளங்கள் அத்தனையும் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கு. புலி இருக்கிற அட்டவணை. ராமேஸ்வரம் போனப்போ கரையில் ஒதுங்கிக் கிடந்தது, செத்ததுதானே என்பதெல்லாம் செல்லாது. எடுப்பது, வாங்குவது, விற்பது, வைத்திருப்பது எல்லாமே குற்றம், சிறை வரைக்கும் போகும். "பாஸ், லைவ் ராக் இருக்கு, யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று கிசுகிசுக்கிற கடை எந்த ஊரிலும் இருக்கும். அந்த மலிவு எட்மண்ட் காஸ் சொன்ன மலிவு.

அதனால் கடலிலிருந்து எடுக்க முடியாததை நேரத்தால் வாங்கணும். சுரங்கத்திலிருந்து வெட்டின உலர்ந்த சுண்ணாம்புக்கல், அல்லது துளையுள்ள செராமிக் கல். வினிகர் சொட்டு விட்டா நுரைக்கிற கல், துருநிறம் இல்லாத கல். உள்ளே பாக்டீரியா கிடையாது, அதை நாம குடியேத்தணும். நல்லா ஓடிட்டிருக்கிற உப்புத்தண்ணித் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு கைப்பிடி ஃபில்டர் மீடியா வாங்கிக்கோங்க, தயிருக்கு உறை ஊத்துற மாதிரி. ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டுட்டு, மீன் இல்லாமல் காத்திருங்க. அமோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யம் ஆக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும், சில சமயம் கூடவும் ஆகும். டெஸ்ட் கிட் வாங்குற காசை மிச்சம் பிடிக்காதீங்க.

40 லிட்டர் தொட்டின்னு வைங்க. கடல் உப்பளவு லிட்டருக்கு 35 கிராம், அப்போ முதல் முறைக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ கடல் உப்புக் கலவை. வாரம் பத்து சதவீதம் மாற்றினா 4 லிட்டர், 150 கிராம் உப்பு. பெரிய செலவில்லை. காஸ் மாதிரி வீட்டில் உப்பு கலக்கும் முயற்சி வேண்டாம், ரெடிமேட் கலவையில் கால்சியமும் சேர்ந்தே வருது. சென்னையில் இருப்பவங்க பீச் தண்ணியை மொண்டு வர யோசிப்பீங்க. கூவமும் அடையாறும் எங்கே கலக்குதுன்னு பார்த்துட்டு யோசிங்க. மழைக்காலத்தில் கரையோர உப்பளவே இறங்கிடும்.

உப்பு கலக்க ஆர்.ஓ. தண்ணி. சமையலறை ஆர்.ஓ. மெஷின் பலதும் ருசிக்காக தாதுக்களைத் திரும்பக் கலக்கும், அதனால் சின்ன டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி அளந்து பாருங்க, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கணும். ஏசியிலிருந்து சொட்டுற தண்ணி சுத்தமானதுதானேன்னு பக்கெட் வைக்காதீங்க. அது செம்புக் குழாய்கள் மேல் ஓடி வருது, தாமிரம் என்ன செய்யும்னு சொல்லிட்டேன்.

எங்க வீட்டுத் தொட்டியில் பவளமே இல்லை. கல், இரண்டு வகை கடற்பாசி, கல்லிலிருந்து தானா வந்த எத்தனையோ பூச்சிகள், பண்ணையில் பொரித்த ஒரு ஜோடி கோமாளி மீன். மண்டபத்தில் இருக்கும் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைக்கிற முறையை உருவாக்கி இருக்காங்க, அதனால் கடலில் பிடிக்காத மீனைக் கேட்டு வாங்கறது இப்போ நடக்கிற காரியம். இதை ரீஃப்னு சொல்லலாமான்னு கேட்டா, நான் சொல்வேன். பாறையும் அதன் மேல் நடக்கிற வேலையும்தான் ரீஃப். பவளம் இல்லாததால ரீஃப் லைட்டும் கால்சியம் டோசிங்கும் ஸ்கிம்மரும் லிஸ்ட்டிலிருந்து போயிடுது. மீதி ஒரு சாதாரண எல்இடி, ஒரு சின்ன வேவ்மேக்கர், உப்பு அளக்க ஒரு ரிஃப்ராக்டோமீட்டர், தொட்டி, கல். பத்தாயிரத்தில் சாத்தியம்னு நான் சொன்னா இதைத்தான் சொல்றேன்.

சில்லருக்குப் பதில் மேசை ஃபேன். தண்ணிப் பரப்பின் மேல் காற்று படும்படி வைங்க, ஆவியாகும்போது இரண்டு மூன்று டிகிரி இறங்கும். புழுக்கமான நாளில் அவ்வளவு இறங்காது. 26 டிகிரி என்று புத்தகம் சொல்லும், ஏசி இல்லாத சென்னை அறையில் மே மாதம் அது நடக்காது, 30-ஐத் தாண்டி நிற்காமல் பார்த்துக்கிட்டா கோமாளி மீன் தாங்கும். ஆவியாகிறது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கும். அதனால் கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, தினம் அந்தக் கோடு வரைக்கும் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணி. ஊருக்குப் போனா இதை யார் செய்வாங்கன்னு முன்னாடியே யோசிங்க. அம்மா தலையிலோ வீட்டில் வேலை செய்யற அக்கா தலையிலோ கட்டிட்டுப் போறதா இருந்தா, அந்தச் சம்பளத்தையும் பத்தாயிரத்தில் சேர்த்துக்கோங்க.

கடைசியா கரண்ட். மழை நாளில் நாலு மணி நேரம் போச்சுன்னா, சின்னத் தொட்டியில் ஆக்சிஜன் மளமளன்னு இறங்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைங்க. அது இல்லைன்னா, சோப்பு படாத ஒரு மக்கை எடுத்து, தொட்டித் தண்ணியை மொண்டு, ஒரு அடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்க. அரை மணிக்கு ஒரு தடவை, அஞ்சு நிமிஷம். கை வலிக்கும்.